குடியை நிறுத்தியாச்சு, மாலை 6 மணிக்கு எங்கே போவது? மது மீட்புக் கூட்டங்களைத் தேடுவது எப்படி?

மது சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர் கையில் மாத்திரைச் சீட்டு இருக்கும். பத்துப் பதினைந்து நாள் குடிக்காமல் இருந்த நம்பிக்கையும் இருக்கும். மாலை 6 மணி ஆனதும் என்ன செய்வது என்று மட்டும் அந்தச் சீட்டில் எழுதியிருக்காது. இத்தனை வருஷம் அந்த நேரத்தில் கால் எந்தப் பக்கம் போனதோ, அதே பக்கம்தான் இழுக்கும். டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குத்தான் மூடுகின்றன.

அந்த மாலை நேரத்துக்காகவே இருப்பவைதான் மது மீட்புக் கூட்டங்கள். குடியிலிருந்து மீண்டவர்களும் மீள முயல்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற இடம். கட்டணம் கிடையாது. சென்னை மாதிரி பெருநகரத்தில் இருப்பவருக்கு இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் இருக்கும் ஆலத்தியூர் மாதிரி ஒரு ஊரில் இருப்பவர் என்ன செய்வார்? எங்கே தேடுவது, எப்படிப் போய் வருவது, ஊருக்குத் தெரியாமல் போக முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உதவி தேவைப்படுபவர்கள் எத்தனை பேர்?

மத்திய சமூக நீதித் துறைக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் முடிவு 2019-ல் வெளியானது. இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி பேர். அவர்களில் 5.7 கோடி பேருக்கு மதுவால் வந்த பிரச்சினைக்கு உதவி தேவை என்று அந்த ஆய்வு சொன்னது.

அதைவிட யோசிக்க வைப்பது இன்னொரு எண். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு வகை சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். மீதி 37 பேர் தனியாகத்தான் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அல்லது போராட்டத்தையே விட்டுவிட்டார்கள்.

ஏ.ஏ. கூட்டம் என்றால் என்ன?

இந்த வகைக் கூட்டங்களில் உலகம் முழுக்கப் பரவியிருப்பது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. சுருக்கமாக ஏ.ஏ. பெயரை வெளியே சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகள் என்பது அதன் பொருள். சுமார் 180 நாடுகளில் இதற்குக் குழுக்கள் இருக்கின்றன. இந்தியாவுக்கு 1957-லேயே வந்துவிட்டது. தமிழகத்தின் பெரிய நகரங்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன.

இதில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். உறுப்பினர் கட்டணம், வருகைப் பதிவேடு, ஆதார், போட்டோ எதுவும் கேட்க மாட்டார்கள். வாடகைக்கும் டீ செலவுக்கும் உள்ளே இருப்பவர்கள் தங்களால் முடிந்ததைப் போடுவார்கள். புதிதாக வருகிறவர் போட வேண்டிய அவசியம் இல்லை. வெளியாட்களிடமோ அரசிடமோ நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏ.ஏ.வின் விதி.

இது தொடங்கிய விதமே இதன் அடிப்படையைச் சொல்லிவிடும். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து பிசினஸ் விஷயமாக வந்த பில் வில்சன், அந்த முயற்சி தோற்றுப்போய் ஒரு ஹோட்டலில் தனியாக நின்றார். அவர் குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் போனை எடுத்தார். முன்பின் தெரியாத ஒரு பாதிரியாரை அழைத்து, குடியால் அவதிப்படும் வேறு யாரையாவது பார்க்க முடியுமா என்று கேட்டார்.

அப்படித்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம் மட்டும் என்று சம்மதித்து வந்த டாக்டர், இரவு 11 மணி தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

குடித்தவனின் பேச்சு குடித்தவனுக்குத்தான் உறைக்கும் என்பதுதான் இதன் ஒரே சூத்திரம். மனைவியோ அம்மாவோ டாக்டரோ சொல்லும்போது அது அட்வைஸ். "எனக்கும் கை அப்படித்தான் நடுங்கும்" என்று ஒருவர் சொல்லும்போது அது அட்வைஸ் இல்லை.

இதனால் பலன் இருக்கா?

இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2020-ல் 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளை எடுத்துப் பார்த்தது. ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போகும்படி முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற உளவியல் சிகிச்சைகளைப் பெற்றவர்களில் அது 35 சதவீதம்.

இந்த எண்ணை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஒரு கூட்டம், காசு கொடுத்துப் பெறும் சிகிச்சைக்கு ஈடாக, சற்று மேலாகவே பலன் தருகிறது. அதே சமயம், பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த ஒரு வருடத்துக்குள் ஒரு முறையாவது குடித்திருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போனதுமே எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் டாக்டர், பிறகு கூட்டம்

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. பல வருடங்களாகத் தினமும் நிறையக் குடிப்பவர், "நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், இடம் நேரம் குழம்பும், காய்ச்சல் ஏறும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். வலிப்போ குழப்பமோ வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். "பேய் பிடிச்சிருக்கு" என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை.

அதனால், தினமும் குடிப்பவர் முதலில் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. உடலிலிருந்து மது இறங்கும் அந்த முதல் வாரத்தை மருந்துகளோடு பாதுகாப்பாகக் கடக்க டாக்டரால் முடியும். கூட்டத்தால் முடியாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள்:

• சாப்பாட்டில் யாருக்கும் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று விற்கப்படும் மருந்துகளை வாங்க வேண்டாம். டைசல்ஃபிரம் என்ற மாத்திரையைச் சாப்பிட்டவர் அது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பாதிக்கப்படலாம். அவருக்குத் தெரிந்து, டாக்டரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

• தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் கீழ் பதிவு பெற்றதா, டாக்டர் வருகிறாரா, குடும்பத்தினர் வந்து பார்க்க விடுவார்களா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுச் சேருங்கள். "அடிச்சுத் திருத்திடுவோம்" என்று சொல்லும் இடம் சிகிச்சை மையமே இல்லை.

கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் முயற்சி செய்யலாம்.

1. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளம்: ஊர் வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். மொழி, கிழமை, நேரம் மூன்றையும் பாருங்கள். சில சமயம் விவரம் பழையதாக இருக்கும். அதனால் கிளம்பும் முன்பு அங்கே கொடுத்திருக்கும் எண்ணில் பேசி உறுதி செய்துகொள்வது நல்லது.

2. 14446: மது, போதைப் பழக்க மீட்புக்கான மத்திய அரசின் இலவச உதவி எண். அருகில் இருக்கும் சிகிச்சை மையம் எது என்று கேட்கலாம்.

3. 14416: டெலி மனஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழகத்தில் இதன் பெயர் 'நட்புடன் உங்களோடு'. கூட்டம் பற்றிக் கேட்பதற்கு மட்டும் அல்ல, இரவு 11 மணிக்குக் குடிக்கத் தோன்றினாலும் இந்த எண்ணை அழைக்கலாம்.

4. சிகிச்சை பெற்ற இடம்: மது மீட்புப் பிரிவில் இருக்கும் ஆலோசகர்களுக்குப் பெரும்பாலும் ஏ.ஏ. ஆட்களைத் தெரிந்திருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே, "எங்க ஊர்ப் பக்கம் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

போனில் என்ன பேசுவது என்ற தயக்கம் எல்லோருக்கும் இருக்கும். பெரிய விளக்கம் தேவையில்லை. "சார், எனக்குக் குடிப் பழக்கம் இருக்கு. நிறுத்தணும்னு நினைக்கிறேன். செந்துறை பக்கத்துல இருக்கேன். தமிழ்ல மீட்டிங் எங்க நடக்குதுன்னு சொல்றீங்களா?" இவ்வளவு போதும். எதிர்முனையில் இருப்பவரும் ஒரு காலத்தில் இதே தயக்கத்தோடு யாரையோ அழைத்தவராக இருக்கலாம்.

ஆலத்தியூரிலிருந்து போய் வர முடியுமா?

கிராமத்தில் இருப்பவருக்கு முதல் தடை தூரம். இரண்டாவது தடை நேரம். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலைகளும் லாரிகளும் சேர்ந்த பகுதி இது. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட் என்று மாறும் வேலையில் இருப்பவரால் ஒவ்வொரு செவ்வாயும் மாலை 6.30-க்கு ஒரு இடத்தில் இருக்க முடியாது. வயல் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் பயணம் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. திரும்பி வரக் கடைசி பஸ் இருக்கிறதா என்பதும் ஒரு கேள்வி.

அதனால் திட்டத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

• மாதம் ஒன்றிரண்டு முறை நேரில். விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் அரியலூர் இருப்பதால் ரயிலில் திருச்சி போய் வருவது எளிது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அல்லது பகல் கூட்டம் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் சிகிச்சை பெறுகிறவர் என்றால், டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியையும் கூட்ட நாளையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் ஒரு பயணம் மிச்சம்.

• மற்ற நாட்களில் மொபைலில். 2020 ஊரடங்கில் பல ஏ.ஏ. குழுக்கள் ஜூமுக்கு மாறின. பிறகும் ஆன்லைன் கூட்டங்கள் தொடர்கின்றன. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு இது பெரிய வசதி.

• தினமும் ஒரு போன். நேரில் போன முதல் நாளிலேயே இரண்டு பேரின் எண்ணை வாங்கி வாருங்கள். கூட்டம் இல்லாத நாளின் மாலை 6 மணிக்கு அந்த எண்தான் கூட்டம்.

ஆன்லைனில் சேரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூமில் உங்கள் முழுப் பெயரும் போட்டோவும் தானாகக் காட்டப்படலாம். உள்ளே போகும் முன் பெயரை மாற்றுங்கள், வீடியோவை அணைத்து வைக்கலாம், இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும். ட்ரூகாலரில் அந்த எண்ணுக்குப் பெயரும் வரும். அதில் சம்மதம் இல்லையென்றால், குழுவில் சேராமல் ஒருவரிடம் மட்டும் தொடர்பில் இருப்பதாகச் சொல்லிவிடலாம்.

உள்ளே என்ன நடக்கும்?

பெரும்பாலான கூட்டங்கள் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. ஒருவர் தலைமை தாங்குவார். அவர் தலைவர் இல்லை, அன்றைய முறைக்காரர். ஒவ்வொருவராகத் தன் பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கிப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதோ, அறிவுரை சொல்வதோ, கேள்வி கேட்பதோ கூடாது.

பேச விருப்பமில்லையா? "இன்னைக்கு நான் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டுமானவை. சில திறந்த கூட்டங்கள். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினரும் வரலாம். எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

"அது சர்ச் ஆளுங்க நடத்துறதாமே?" என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. குறைந்த வாடகைக்கு இடம் கிடைப்பதால் பல கூட்டங்கள் தேவாலய வளாகங்களிலோ பள்ளிகளிலோ நடக்கின்றன. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. ஆனால் அதன் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வரும், முடிவில் பெரும்பாலும் ஒரு சிறு பிரார்த்தனையும் இருக்கும். அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் அதைச் சொல்கிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத பலர், தன்னைவிடப் பெரிய சக்தி என்பதற்கு அந்தக் கூட்டத்தையே வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் மனநல ஆலோசகரோடு மட்டும் தொடரலாம். மீள்வதற்கு வழி ஒன்று மட்டும் இல்லை.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், வேறு வேறு இடங்களில் நான்கைந்து கூட்டங்கள் போய்ப் பார்ப்பது நல்லது.

"ஊர்ல தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடப்பது ஊருக்கே தெரியும். குடியை விடுவதற்குக் கூட்டத்துக்குப் போவதுதான் ரகசியமாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த முரண் பல பேரைத் தடுக்கிறது. பெண்ணுக்குப் பெண் பார்க்க வரும் நேரம், மகனுக்கு வேலை கிடைக்கும் நேரம் என்று குடும்பமே தள்ளிப்போடும். குடிக்கும் பெண் என்றால் வெளியே சொல்லவே வழி இல்லை. அவர்களுக்குப் பெண்கள் மட்டும் கலந்துகொள்ளும் ஆன்லைன் கூட்டங்கள் உதவும்.

கூட்டத்தில் யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது ஏ.ஏ.வின் அடிப்படை விதி. அதை மீறினால் தண்டிக்க ஆள் இல்லை, உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் மறைக்க அதே ரகசியம் இருக்கிறது. அந்த விதியைக் காப்பாற்றுவது அதுதான். அப்படியும் பயமாக இருந்தால், சொந்த ஊரைத் தவிர்த்து வேறு டவுனில் நடக்கும் கூட்டத்துக்குப் போகலாம். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான வழியிலும் தமிழகத்தில் ஒரு கிராமம் முயன்றிருக்கிறது. கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி.ஆர். மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் பலருக்குத் தெரியும். இந்தப் பணிக்காக 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சென்னைக்கு வந்து ஒரு மாதம் தங்க முடியாத விவசாயக் கூலிகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, மருத்துவக் குழுவே கிராமத்துக்குப் போனது. இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் மஞ்சக்குடியில் 1989-ல் முதல் முகாம் நடந்தது.

அங்கேயே தங்கி 15 நாள் சிகிச்சை. குடும்பத்துக்கும் தனியாக ஆலோசனை. முகாம் முடிந்த பிறகும் தொடர் கவனிப்பு. யாருக்கு உதவி தேவை என்று அடையாளம் காட்டுவதில் ஊர்க்காரர்களே பங்கெடுத்தார்கள். ரகசியம் என்பதே அங்கே கிடையாது. ஊரே தெரிந்துகொண்டு துணை நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் "வா, ஒண்ணு போடலாம்" என்று கூப்பிடாமல் இருப்பதே அங்கே பாதி சிகிச்சை.

பக்கத்தில் கூட்டமே இல்லையென்றால்?

ஏ.ஏ.வின் விதிப்படி, குடியை விடுவதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் சேர்ந்து உட்கார்ந்தாலே, வேறு எந்த அமைப்பின் பெயரிலும் இல்லாதவரை, அது ஒரு குழுதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. செந்துறையில் ஒருவர், ஆலத்தியூரில் ஒருவர், அரியலூரில் ஒருவர் என்று மூன்று பேர் கிடைத்தால், வாரம் ஒரு மாலை ஒரு வீட்டு மாடி போதும்.

ஆனால் இதைத் தொடங்குகிறவர், குறைந்தது சில மாதமாவது வேறு கூட்டத்துக்குப் போய்ப் பழகியிருப்பது நல்லது. நேற்று நிறுத்திய இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தால், பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. திருச்சிக் குழுவிலிருந்து அனுபவமுள்ள ஒருவரை முதல் சில வாரங்களுக்கு வரச் சொல்லிக் கேட்கலாம். அடுத்தவருக்கு உதவப் போவது அவர்களுக்கும் மீட்பின் ஒரு பகுதி. அதனால் அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும், குடும்பத்தினர் போக முடியும். அதற்கென்றே 1951-ல் தொடங்கப்பட்டது அல்-அனான். குடிப்பவரை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் இல்லை, அவருக்காகப் பொய் சொல்லி லீவு வாங்கித் தருவதும் கடனை அடைப்பதும் உங்கள் கடமை இல்லை என்பதைத்தான் பேசுவார்கள். அடி, உதை இருந்தால் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181.

கூட்டத்துக்குப் போகத் தொடங்கியவரிடம், "இன்னைக்கு என்ன பேசினாங்க?" என்று துருவாதீர்கள். "சாப்பிட வாங்க" என்பது போதும்.

மறுபடி குடிச்சுட்டா?

பலருக்கு நடக்கும். ஒரு நாள் குடித்துவிட்டால், "எந்த மூஞ்சியோட திரும்பப் போறது?" என்ற எண்ணம்தான் அடுத்த நாளும் குடிக்க வைக்கிறது. ஏ.ஏ. கூட்டத்தில் யாரையும் வெளியே அனுப்ப மாட்டார்கள். மறுபடி வந்தவருக்கும் அதே நாற்காலி, அதே டீ. ஆனால் குடித்துக்கொண்டே இருந்த நாட்கள் அதிகமாகிவிட்டால், மறுபடி நிறுத்தும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். வலிப்பு ஆபத்து மீண்டும் இருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியது

• மொபைலில் மூன்று எண்களைச் சேமியுங்கள்: 14446 (மது, போதை மீட்பு), 14416 (மனநலம், 24 மணி நேரம்), 104 (தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை).

• தினமும் குடிப்பவர் என்றால், நிறுத்தும் நாளுக்கு முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகும் தேதியை முடிவு செய்யுங்கள்.

• இந்த வாரத்துக்குள் ஒரு கூட்டம். நேரிலோ ஆன்லைனிலோ. பேச வேண்டாம், கேட்டால் போதும்.

• அந்தக் கூட்டம் முடிவதற்குள் ஒருவரின் போன் எண். கூட்டம் இல்லாத மாலைகளில் அழைப்பதற்கு.